சாவி எதிர்வீட்டில் கிடைக்கும்

ரோமிலிருந்து வடக்கே போகும் பழைய காஸ்ஸியா சாலையை விட்டு விலகி, ஹேசல் கொட்டைத் தோப்புகளின் ஊடே மேலேறினால் காஸ்தெல்ரூஸ்கோ வரும். ஊரின் கீழ்வாயிலுக்கு வெளியே, அத்திமர நிழல் விழும் பாறைச்சுவரில் ஓர் இரும்புக் கதவு பதிந்திருக்கிறது. அதன் மேலே தொங்கும் தகரப் பலகை இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறது: உள்ளே இருப்பது ரோமானியர் காலத்துக் கல்லறை, சாவி எதிர்வீட்டில் எர்சிலியாவிடம் கிடைக்கும்.

பயண நூல்களிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள். தலைநகரின் பெரிய அரங்கையும் வெற்றி வளைவுகளையும் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்து அலுத்தவர்கள், யாரும் வராத சின்ன இடங்களைத் தேடிப் புறப்படுவார்கள். அவர்களில் சிலர் இங்கே வந்து சேர்வார்கள். எதிர்வீட்டு மணியை அடித்தால் மாடி ஜன்னலின் மரக்கதவு திறக்கும். நரைத்த தலையொன்று எட்டிப் பார்க்கும்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு, சிஞோரா."

"செருப்புல இருக்கிற மண்ணை அங்கயே தட்டுங்க. நான் இப்பத்தான் கூட்டினேன்."

பிறகு எர்சிலியா கீழே வருவாள். மாவு பிசைந்துகொண்டிருந்தாலும், தொலைக்காட்சியில் அவளுக்குப் பிடித்த போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தாலும் வருவாள். கட்டணம் வாங்கமாட்டாள். சாவி அவளுடைய உள்ளங்கையைவிட நீளமானது. அதை மேலங்கிப் பையில் போட்டால் ஒரு பக்கம் தொங்கும் என்பதால் கையிலேயே பிடித்து வருவாள்.

அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தவன் அவளுடைய கணவன் உபால்தோ. கண்டுபிடிக்கவேண்டும் என்று அவன் தேடிப் போகவில்லை. அந்த ஊர்ப் பாறை வெட்டினால் கட்டித்தயிர் போல வெட்டுப்படும். ஆகையால் வீட்டுக்கு வீடு பாறையைக் குடைந்து திராட்சை மதுவுக்கு நிலவறை அமைத்துக்கொள்வது வழக்கம். கல்யாணமான புதிதில் உபால்தோவும் ஒரு நிலவறை குடையத் தொடங்கினான். ஒரு நாள் அவனுடைய கடப்பாரை பாறைக்குள் சென்று, பிடிமானம் இல்லாமல் வெறுமைக்குள் விழுந்தது. உள்ளிருந்து மண்ணின் பழைய குளிர்ச்சி வந்து அவன் முகத்தில் மோதியது.

இப்படி நேர்ந்தால் ஊரார் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டையை அடைத்துப் பூசிவிட்டு வேறு பக்கம் குடைவார்கள். அரசாங்கத்திடம் சொன்னால் நிலவறையும் போகும், நிம்மதியும் போகும். தெருமுனையில் காப்பிக்கடை வைத்திருக்கும் நாத்ஸரேனோவின் தகப்பனார் அப்படி இரண்டு ஓட்டைகளை அடைத்ததாகப் பேச்சு உண்டு. உபால்தோ மட்டும் போய்ச் சொன்னான். நிலம் அரசாங்கத்துக்குப் போயிற்று. இரும்புக் கதவு வந்தது. அதற்குப் பத்தடி உள்ளே இன்னொரு மரக்கதவும் வந்தது. உபால்தோவுக்குக் கிடைத்தது சாவி. அன்றிலிருந்து சாகும்வரை அவன் கடையில் வாங்கிய மதுவையே குடித்தான்.

"எதுக்குய்யா சொன்னே?" என்று எர்சிலியா பல தடவை கேட்டிருக்கிறாள்.

"அவளைப் பாத்துட்டு எப்படிடி மூடறது?" என்பான்.

அவள் என்று அவன் சொன்னது, அறையின் உள்சுவரில் தீட்டியிருந்த பெண்ணை. பச்சை மேலாடையும் காவி நிறப் பாவாடையும் அணிந்து, ஒரு தட்டை ஏந்தியபடி நின்றாள். தலைக்கு மேலே மாதுளம்பழங்கள் கோத்த மாலை. காலடியில் கவுதாரிகள் தானியம் பொறுக்கின. சுற்றிலும் பாறையில் குடைந்த மாடங்களில் யார் யாருடைய சாம்பலோ வைத்த பானைகள் இருந்த தடம் தெரிந்தது. அவள் அந்தக் குடும்பத்து எசமானியா, அவர்களிடம் வேலைக்கு நின்றவளா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. உபால்தோ அவளுக்குப் பறவைக்காரி என்று பெயர் வைத்தான். ஊரிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

வந்தவர்களுக்கு அவளைக் காட்டுவதற்கென்று உபால்தோ ஒரு முறை வைத்திருந்தான். வெளிக்கதவைத் திறந்து எல்லோரையும் நடைக்குள் விட்டு, அதைச் சாத்துவான். இருட்டில் அவர்கள் தடுமாறிச் சிரிக்கும்போது உள்கதவைத் திறப்பான். எல்லோரும் நுழைந்ததும் அதையும் சாத்துவான். அதன் பிறகே கைவிளக்கை ஏற்றுவான். சுவரிலிருந்து அந்தப் பெண் ஒரே கணத்தில் எதிரே வந்து நிற்பாள். யாராவது ஒருவர் கட்டாயம் "ஐயோ!" என்பார்.

"கதவை ஏன் சாத்தறீங்க?" என்று கேட்பவர்களிடம், "கூச்ச சுபாவம் அவளுக்கு. காத்துப் பட்டாலும் ஆகாது" என்று சொல்வான். எர்சிலியா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நான் போன மாசம் பூரா இருமினேன், எனக்கு ஒரு கதவைச் சாத்தினியா?"

"நீ ரெண்டாயிரம் வருஷம் இரு, உனக்கும் சாத்தறேன்."

அவன் செய்வது வித்தை என்றே அவள் நினைத்தாள். திருவிழாவில் பெட்டிக்குள் ஆளை மறைத்துக் காட்டுகிறவனுடைய வித்தையைப் போல, ஆட்களை வாய்பிளக்க வைப்பதற்காக அவன் ஏற்படுத்திக்கொண்ட ஒன்று. தன் நிலவறையை இழந்தவனுக்கு அந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நுரையீரல் கெட்டு வித்தெர்போ மருத்துவமனையில் அவன் கிடந்தபோது பேச மூச்சுப் போதவில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் யாரிடம் எதை ஒப்படைப்பது என்ற கேள்வியே எழவில்லை. "அவளை நல்லாப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னான். யாரை என்று எர்சிலியா கேட்கவில்லை. பாத்துக்கறேன் என்றாள். வாழ்நாளில் அவன் அவளிடம் ஒப்படைத்த ஒரே காரியம் அது.

அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதை அந்த ஊர்ப் பெண்கள் எவரும் புரிந்துகொள்வார்கள். அங்கே காலையில் எழுந்ததும் முதல் வேலை, மழையோ பனியோ, எல்லா ஜன்னல்களையும் விரியத் திறப்பது. மெத்தையை உதறி ஜன்னல் விளிம்பில் போடுவார்கள். இரவெல்லாம் அடைந்து கிடந்த காற்று வெளியேறிப் புதுக்காற்று வந்தால்தான் அது வீடு. மதியத்துக்குள் ஜன்னல் திறக்காத வீட்டில் யாரோ செத்துப்போயிருக்கவேண்டும், அல்லது அந்த வீட்டுக்காரி சோம்பேறியாக இருக்கவேண்டும். எர்சிலியா சோம்பேறி அல்லள்.

உபால்தோவை அடக்கம் செய்த மறுவாரம், முதன்முறையாகத் தனியே சாவியோடு இறங்கி உள்கதவைத் திறந்தபோது, அறையின் புழுங்கிய வாடை அவளை உறுத்தியது. இப்படியா ஒரு பெண்பிள்ளையை அடைத்து வைப்பது என்று நினைத்தாள். இரண்டு கதவுகளையும் திறந்து செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு மேலே போய் மெத்தைகளை உதறினாள். மதியச் சமையலுக்கு முன் இறங்கி வந்து மூடினாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள். அது வழக்கமாயிற்று. வாரம் ஒரு முறை வினிகர் கலந்த தண்ணீரால் தரையைத் துடைத்தாள். சுவரில் வெள்ளையாகத் தூசி படியத் தொடங்கியபோது, உபால்தோ சவரத்துக்கு வைத்திருந்த மென்தூரிகையை எடுத்துவந்து பறவைக்காரியின் முகத்தை, கையை, கவுதாரிகளைப் பொறுமையாகத் தட்டிவிட்டாள். வீட்டில் அதைவிட மிருதுவான பொருள் வேறு இருக்கவில்லை.

நாத்ஸரேனோ தன் கடைவாசலில் நின்றபடி கேலி செய்வான்.

"என்ன எர்சிலியா, மகாராணி எழுந்தாச்சா? காப்பி அனுப்பவா?"

"உன் காப்பியைக் குடிச்சா அவ திரும்பச் செத்துடுவா."

"இத்தனை காலம் மூடிக் கெடந்தவளுக்கு இப்பத்தான் மூச்சு முட்டுதாக்கும்!"

"உங்கப்பன் பூசி மூடினானே, அந்த ஓட்டைக்குள்ள இருக்கறவளுக மூச்சை முதல்ல பாரு."

நாத்ஸரேனோ சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவான்.

வந்து போகிறவர்களில் ஆண்டுதோறும் தவறாமல் வந்தவர் அக்கீலெ என்பவர். மாந்துவா நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். படித்தவர்களை எல்லாம் டாக்டர் என்று அழைப்பது ஊர் வழக்கம் என்பதால் அவரும் டாக்டர். மனைவி இறந்த பின்பு ரோமானியர் விட்டுப்போன இடங்களைப் பார்ப்பதே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. இலையுதிர் காலம் பிறந்ததும் ஒரு சின்னக் காரில் புறப்பட்டு, பாலம், குளியல்கூடம், பாறையில் வெட்டிய அரங்கு, கவனிப்பாரற்ற மதில் என்று ஒவ்வொன்றாகத் தெற்கு நோக்கி வருவார். புதிய இடங்களைவிடப் பழக்கமான இடங்களே அவருக்குப் பிடிக்கும். ஒவ்வோர் இடத்திலும், போன ஆண்டு எங்கே நின்றாரோ அங்கேயே நின்று ஒரு படம் எடுப்பார்.

"ஒரே சுவரை எத்தனை தடவைதான் எடுப்பீங்க டாக்டர்?" என்று எர்சிலியா கேட்பாள்.

"மனுஷங்களைத்தான் வருஷா வருஷம் எடுத்துப் பாக்க முடியலையே, சிஞோரா. சுவராவது அப்படியே நிக்குதே."

உபால்தோ போய்ச் சில ஆண்டுகள் கழிந்த ஓர் அக்டோபரில், படம் எடுத்து முடித்த பிறகும் அக்கீலெ அறையைவிட்டு வெளியே வரவில்லை. கைவிளக்கைச் சுவருக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு எர்சிலியாவின் சமையலறையில் உட்கார்ந்து, சோம்பு மணக்கும் வளைய பிஸ்கட்டை மதுவில் தோய்க்காமலேயே ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஒரே சுவரின் படங்கள். மேசைமேல் ஆண்டு வரிசையில் பரப்பினார்.

"நாலஞ்சு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். கேமராவுக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். என் கண்ணுக்கு வயசாயிடுச்சுன்னும் நெனச்சேன். இதைப் பாருங்க."

முதல் படத்தில் மாதுளம்பழங்கள் சிவப்பாக இருந்தன. கடைசிப் படத்தில் அவற்றின் இடத்தில் அழுக்கு வட்டங்கள் இருந்தன. கவுதாரிகளில் ஒன்று இடையில் எப்போதோ காணாமற்போயிருந்தது. பச்சை மேலாடை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. பறவைக்காரியின் முகம் இருந்தது. ஆனால் யாருடைய முகம் என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது.

எர்சிலியா படங்களைத் தொடவில்லை. தினமும் பார்க்கிறவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆண்டுக்கொருமுறை வருகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. பாத்துக்கறேன் என்று தான் சொன்ன இடத்தில், அந்தக் கட்டிலருகில், மறுபடியும் நிற்பதுபோல அவளுக்கு இருந்தது.

"ஈரம்" என்றாள் கடைசியில். "ஈரந்தான் டாக்டர் இந்த வேலையைச் செய்யுது. மலை பூரா ஈரம்."

"இருக்கும். காத்து நல்லாப் போனா..."

"நான்தான் தெனமும் தெறந்து வெக்கறேனே!"

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுப் பாருங்களேன். நான் தொல்பொருள் அலுவலகத்துக்கு எழுதறேன். படிச்சவங்க வந்து பாக்கட்டும்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் எர்சிலியா கதவுகளை மாலைவரை திறந்தே வைத்தாள். மலையிலிருந்து இறங்கும் வாடைக்காற்று அறைக்குள் புகுந்து சுழன்று வெளியேறியது. வெண்தூசி முன்னிலும் அதிகமாகப் படிந்தது. அவளும் முன்னிலும் அடிக்கடி தட்டினாள்.

ஈஸ்டருக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து மொர்பிதெல்லி என்ற அம்மையார் வந்தார். சுவரோவியங்களைப் பழுது பார்ப்பதில் தேர்ந்தவர். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் எர்சிலியா விடியலிலேயே கதவுகளைத் திறந்து செங்கல் வைத்தாள். தரையைத் துடைத்தாள். தண்ணீர் ஊற்றிய சாடியில் மஞ்சள் பூங்கொத்தொன்றைப் பறவைக்காரியின் காலடியில் வைத்தாள். சவரத் தூரிகையால் கடைசியாக ஒரு முறை முகத்தைத் தட்டிவிட்டு, தலைக்குச் சாயமிட்டுக்கொள்ளாததை நினைத்து வருந்தியபடி வாசலில் நின்றாள். டாக்டர் அக்கீலெயும் அதற்கென்றே மாந்துவாவிலிருந்து வந்திருந்தார்.

மொர்பிதெல்லி அம்மையார் காரிலிருந்து இறங்கியவுடன் சரிவில் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது திறந்து கிடந்த கதவை.

"இது ஏன் தெறந்திருக்கு?"

"உங்களுக்காகத்தான் டாக்டரம்மா. நல்லாக் காத்தோட்டமா இருக்கட்டும்னு."

"இன்னைக்கு மட்டுமா?"

"தெனமுந்தான். ஒரு நாள் விட்டதில்லை." எர்சிலியாவின் குரலில் பெருமை இருந்தது. அக்கீலெ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மையார் உள்ளே போனார். செங்கற்களைக் காலால் ஒதுக்கி இரண்டு கதவுகளையும் சாத்தினார். சின்ன விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் குறுக்கே வெளிச்சம் விட்டபோது, சுண்ணப்பூச்சு முழுவதும் செதில் செதிலாக எழும்பி நிற்பது தெரிந்தது. விரலால் வெண்பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சிஞோரா, இது தூசியில்லை. உப்பு."

"உப்பா? இங்க யாரு உப்புப் போட்டா?"

"யாரும் போடலை. கல்லுக்குள்ளயே இருக்கு. இந்தச் சுவர் எப்பவும் ஈரம். மூடிக் கெடந்தவரைக்கும் உப்பு அந்த ஈரத்துல கரைஞ்சு சும்மா கெடந்துச்சு. நீங்க தெறந்தீங்க, சுவர் காஞ்சுது. காயக் காய உப்பு வெளியே வந்து சாயத்தைத் தள்ளுது." அவர் கோபமாகச் சொல்லவில்லை, பல இடங்களில் பலருக்குச் சொல்லிச் சலித்த குரலாக இருந்தது. "மழையே பெஞ்சிருந்தாக்கூட இத்தனை சீக்கிரம் போயிருக்காது."

மாடத்தின் விளிம்பில் இருந்த தூரிகை அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். மயிர்களின் நுனி இளஞ்சிவப்பாக இருந்தது. அது துரு என்று எர்சிலியா நினைத்திருந்தாள்.

"இதால என்ன பண்ணினீங்க?"

எர்சிலியாவின் பார்வை சுவரில் இருந்த முகத்துக்குப் போயிற்று. அக்கீலெ தொண்டையைக் கனைத்து, "காத்தோட்டம் நல்லதுன்னு நானுந்தான் சொன்னேன்" என்றார்.

"உபால்தோவுக்குத் தெரியுமே" என்றார் அம்மையார். "அப்ப இருந்த எங்க மேலதிகாரி அவர்கிட்ட நேர்ல சொன்னாராம். ஒரு கதவைச் சாத்தின பிறகுதான் அடுத்ததைத் தெறக்கணும், காத்தே படக்கூடாதுன்னு. அவர் உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னார்" என்றாள் எர்சிலியா. சாத்திய கதவைப் பார்த்து, "ஊருக்கே சொன்னார். நான் சிரிச்சேன்" என்றாள்.

மீதியைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டது அக்கீலெதான். ஒட்டவைக்கலாம், ஆனால் ஒட்டவைப்பதற்குச் சாயம் வேண்டுமே என்றார் அம்மையார். அலுவலகத்திடம் இதுபோல எத்தனையோ சுவர்கள் இருக்கின்றன. இதைவிட நல்ல நிலையில் உள்ளவையே காத்துக்கொண்டிருக்கின்றன. வாசலைச் செங்கல்லால் அடைத்துவிடுவது ஒன்றே செய்யக்கூடியது. அடைத்தாலும் போனது திரும்பாது. போவது மெதுவாகப் போகும். புறப்படும்போது அவர் எர்சிலியாவின் தோளைத் தொட்டு, "வேணும்னு செய்யலையே நீங்க" என்றார். அந்தச் சொல் யாருக்கும் எதையும் திருப்பித் தரவில்லை.

கோடையில் கொத்தனார்கள் வந்து அரை நாளில் வேலையை முடித்தார்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் செங்கற்சுவர் எழுந்தது. சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பலகையையும் யாரும் கழற்றவில்லை. பயண நூல்களில் அந்த வரி அப்படியே இருந்ததால் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மணி அடிக்கும். எர்சிலியா ஜன்னலைத் திறக்காமல் உள்ளிருந்தே, "மூடியாச்சு" என்பாள். சிலர் கேட்டதைக் கேட்காததுபோல மறுபடி அடிப்பார்கள். மறுபடியும் அதே சொல் வரும்.

ஜன்னல்கள் திறக்காததை முதலில் கவனித்தவன் நாத்ஸரேனோ. மெத்தைகள் வெளியே வரவில்லை. வெயில் ஏறியும் மரக்கதவுகள் சாத்தியே கிடந்தன.

"எர்சிலியா! உசுரோட இருக்கியா?" என்று தெருவிலிருந்து கத்தினான்.

"இருக்கேன்."

"அப்ப ஜன்னலைத் தெறயேன். ஊர் என்ன நெனைக்கும்?"

மரக்கதவு அசையவில்லை. சில நாள் கத்திப் பார்த்தான். பிறகு ஒரு நாள் காப்பியும் வளைய பிஸ்கட்டும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனான். தன் காப்பியைப் பற்றி அவள் ஏதாவது திட்டுவாள் என்று சற்று நின்று பார்த்தான். மாலையில் கோப்பை காலியாகக் கழுவி அதே படியில் இருந்தது.

அக்டோபரில் டாக்டர் அக்கீலெ வந்தார். கதவு தாழிடாமல் இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவருக்கு நாற்காலி எங்கே, மேசை எங்கே என்று தெரியவில்லை. அடைந்த வாடை, பழைய எண்ணெய், அணைந்த அடுப்பு. இருட்டில் எர்சிலியா உட்கார்ந்திருப்பதை அவள் மூச்சைக்கொண்டுதான் கண்டுகொண்டார். இந்த முறை எங்கெல்லாம் போய் வந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இனி இந்த வழியாக வருவதற்குக் காரணம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கைப்பையிலிருந்து கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் எடுத்த முதல் படம். பறவைக்காரி முழுமையாக, மாதுளைகளோடும் எல்லாக் கவுதாரிகளோடும் நின்றாள். ஓரத்தில் விளக்கைப் பிடித்திருந்த உபால்தோவின் கையும் விழுந்திருந்தது.

"பெரிசு பண்ணினேன். உங்களுக்குத்தான். இந்தச் சுவர்ல மாட்டிக்கலாம்."

எர்சிலியா படத்தைக் கையில் வாங்கினாள். கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் சிறிது நேரம் பார்த்தாள். அதிலிருந்த கையின்மேல் கட்டைவிரலை வைக்கப் போனவள், வைக்காமல் எடுத்துக்கொண்டாள். பிறகு படத்தை அவர் பக்கமாகத் திருப்பி நகர்த்தினாள்.

"கொண்டுபோயிடுங்க டாக்டர். எங்கிட்ட இருந்தா மங்கிடும்."

அவர் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலை அடைந்தபோது, மலையிலிருந்து வந்த காற்றில் கதவு அவர் கையை மீறி விரியத் திறந்தது.

"சாத்திட்டுப் போங்க" என்றது உள்ளிருந்து அவள் குரல். "காத்து வருது."